இருட்டு கேட்ட சாமந்தி

வேளாண் கல்லூரிப் பேராசிரியை, அவன் வளர்த்த ஒரு சாமந்திச் செடியின் நுனியைக் கிள்ளி நகத்தால் பிரித்துப் பார்த்தார். உள்ளே இலை. அதற்குள்ளும் இலை. பக்கத்துச் செடியிலும் அதே கதை.

“மொட்டே கட்டலையேப்பா. ராத்திரியில இந்தக் குடில்ல லைட் எரியுதா?”

அவன் அண்ணாந்து பார்த்தான். பசுமைக்குடிலின் நடுக் கம்பியில் பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. அவனே மாட்டியது. விடுதி அறையில் சத்தம் தாங்காமல், பருவத்தேர்வுக்கு இங்கேதான் உட்கார்ந்து படித்தான். படித்து முடித்த பிறகும், எலி வராமல் இருக்கட்டும் என்று விடிய விடிய எரியவிட்டான்.

சாமந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். ராத்திரியில் வெளிச்சம் பட்டால், இன்னும் காலம் வரவில்லை என்று நினைத்து இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். இது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. அதே பல்பின் கீழ் உட்கார்ந்து அதைத்தான் மனப்பாடம் செய்தான். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண்ணும் வாங்கினான்.

“இன்னிக்கே இருட்டாக்கினா எப்ப மேடம் பூக்கும்?”

“ரெண்டு மாசம் ஆகும். இது பரீட்சை இல்ல, முந்தின நாள் உட்கார்ந்து பாஸ் பண்ண.”

அக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

அந்த மேடை முழுக்க அவனுடைய சாமந்தி என்பது வீட்டில் எல்லாரும் அறிந்த செய்தி. நிச்சயதார்த்தத்தன்று கல்லூரி மாட்டுத்தொழுவத்தில் பால் கறக்கும் முறை அவனுடையது. முடித்துவிட்டு அவசரமாக ஓடிவந்ததில் காலணியில் சாணம் ஒட்டியிருந்தது. பெரியப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி, “படிப்பு நல்லா மணக்குது” என்றார். கூடம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவருக்குத் தன் மின்சாதனக் கடையை மகன் பார்த்துக்கொள்ளவில்லையே என்ற குறை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்குக் கடைப்பூ ஒன்றுகூட வரக் கூடாது, எல்லாம் தம்பி வளர்த்ததுதான் என்று அங்கேயே அறிவித்துவிட்டாள். மஞ்சள் பூவுக்குப் பொருந்தவேண்டும் என்று தான் உடுத்தும் உடையின் நிறத்தைக்கூட மாற்றினாள். அவன் வேளாண்மை படிக்கப் போகிறேன் என்றபோது வீட்டில் அவன் பக்கம் நின்றதும் அவள் ஒருத்திதான்.

அன்று மாலையே பல்பைக் கழற்றினான். பூச்சியியல் படிக்கும் அறைத்தோழன், விடுதியே பூச்சி என்று கூப்பிடும் பையன், கறுப்பு விரிப்பைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்தான். இருவரும் பாத்தி பாத்தியாக மூடினார்கள். இதனால் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும். கை சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“வீட்டுல சொல்லிடுடா,” என்றான் பூச்சி.

“சொல்றேன்.”

அக்காவின் அழைப்பு வந்தது. மொட்டு விட்டதா என்று கேட்டாள். உண்மை வாய்வரை வந்தது. ஆனால் அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். விட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டான். மறுநாள் எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். விரல் நுனி அளவு என்றான். அதற்கு மறுநாள் நிறம் தெரிகிறதா என்றாள். லேசாகத் தெரிகிறது என்றான். காலையில் செடிக்குத் தண்ணீர் விடுவான், தொழுவத்தில் சாணம் அள்ளுவான், மாலையில் போனில் மொட்டை வளர்ப்பான். நடுவில் கிடைத்த நேரமெல்லாம் ஒவ்வொரு பூக்கடையாக அழைத்தான். அந்த வாரம் எல்லா மண்டபத்திலும் கல்யாணம், பூவெல்லாம் முன்பே பேசி முடிந்திருந்தது. ஒரு கடைக்காரர் கேட்டார், “இவ்வளவு நாள் தூங்கினியா தம்பி?” அவன் தூங்கித்தான் ரொம்ப நாளாயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் வெறும் கையோடு மண்டபத்தில் நுழைந்தான். மேடைக்காரர்கள் மூங்கில் சட்டம் கட்டிவிட்டுப் பூவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். “எங்கடா உன் தோட்டம்?” என்றார் அப்பா. பின்னால் வருகிறது என்று முணுமுணுத்துவிட்டு மணப்பெண் அறைக்குப் போனான்.

கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அக்கா கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. விரல்களை விரித்து வைத்தபடியே கேட்டாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வாரமா.”

விரல்களை மடக்கப் போனவள், மருதாணி நினைவுக்கு வந்து மறுபடி விரித்தாள்.

“பூ இல்லக்கான்னு சொல்லியிருந்தா, பூ இல்லாமலே நின்னிருப்பேன்டா. ஒண்ணும் குறைஞ்சு போயிருக்காது. நீ தினமும் எனக்குப் பொய்யா மொட்டு வச்சிருக்க.”

அழுதாலோ அடித்தாலோ தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். சாமந்தி பிடிக்கவில்லை, தான்தான் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னதாக அப்பாவிடம் சொன்னாள்.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. கடைசி நேரத்தில் இது என்ன கிறுக்குத்தனம், நாளைக்குப் போகிற வீட்டிலும் இப்படித்தான் ஆட்டம் போடுவாயா என்று எல்லார் முன்னாலும் கத்தினார். பெரியப்பா, செல்லம் கொடுத்தால் இப்படித்தான் என்றார். மாப்பிள்ளையின் அத்தை புருவத்தை உயர்த்தினாள். அக்கா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

அவன் பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். அதற்கான வழியை அவள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

“அக்கா எதுவும் சொல்லலப்பா. செடி பூக்கல. நான்தான் ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டுக் கெடுத்துட்டேன்.”

“என்ன லைட்டு?”

“நம்ம கடை பல்புதான்.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கல்யாண மண்டபத்தின் நடுவே நின்று, செடிக்கு இருட்டு எதற்கு என்று அவன் விளக்கினான். இரண்டு மாதம் ஆகும் என்று முடித்தபோது பெரியப்பா, “அப்ப கல்யாணத்தத் தள்ளி வச்சிடலாமா?” என்றார். பலர் சிரித்தார்கள். இந்தத் தடவை அப்பா சிரிக்கவில்லை. மகனைப் பார்க்கவும் இல்லை. மேடைக்காரரிடம் போய்த் துணி இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் வெள்ளைத் துணி சுற்றிய மேடையில் கல்யாணம் நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அக்கா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. படம் எடுக்கும்போதும் அவன் ஓரத்தில்தான் நின்றான்.

புறப்படும் நேரத்தில் காரின் அருகே போனான். அவள் கண்ணாடியை இறக்கினாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன. அதில் தன் பங்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை.

“இனிமே பூக்குமா அது?”

பூக்கும்க்கா என்று சொல்ல வாயெடுத்தான். நிறுத்திக்கொண்டான்.

“தெரியலக்கா. மொட்டு வந்தாத்தான் தெரியும்.”

“வந்தா போன் பண்ணு,” என்றாள் எதிரே பார்த்தபடி. “வரலைன்னாலும் பண்ணு.”

கார் நகர்ந்தது.