அப்பா பெயரில் எட்டு வரி

இன்று சாயங்காலம் சார்ட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் நேராக அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த என் கணக்குப் புத்தகத்தை முழங்கையால் தள்ளிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்தான். அப்பா பக்கத்தில் நின்றார். சொந்த வீட்டில், தன் வயசில் பாதி வயசுக்காரன் முன்னால் நின்றார். அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் அவன் உற்பத்திப் பிரிவு இன்ஜினியர். எதற்கெடுத்தாலும் கோடும் கட்டமும் போட்டுச் சுவரில் ஒட்டுவான். அதனால் தொழிலாளர்கள் வைத்த பெயர்தான் சார்ட்டு. அப்பா மட்டும் அவன் இல்லாத இடத்திலும் சார் என்றுதான் சொல்வார்.

வெளிநாட்டில் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் மேல்படிப்புக்கு அவன் இரண்டு இடத்தில் விண்ணப்பித்திருந்தான். அதற்கும் ஒரு கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்திருந்தான். ஒரு வருஷப் படிப்புக்கு நூற்றுக்கு எண்பத்து மூன்று, இரண்டு வருஷப் படிப்புக்கு எழுபத்தொன்று. எழுபத்தொன்றுக்காரர்கள் போன வாரமே இடம் கொடுத்துவிட்டார்கள். இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொன்னால் மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். எண்பத்து மூன்றுக்காரர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கேட்டது ஒரு வினோதமான கடிதம். மேலதிகாரியிடமிருந்து மட்டும் போதாது, உனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் உன்னைப் பற்றி எழுத வேண்டும் என்றார்கள். முந்நூறு பேர் வேலை செய்கிற இடத்தில் அவன் தேடிப் பிடித்தது என் அப்பாவை.

ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பா மறுக்க மாட்டார். போன வருஷம் வரைக்கும் அப்பா மெயின்டனன்ஸ் போர்மேன். பெரிய கன்வேயரின் கியர்பாக்ஸில் சத்தம் மாறுகிறது, நாலு மணி நேரம் நிறுத்தினால் பேரிங்கை மாற்றிவிடலாம் என்று இவனிடம் சொன்னார். இந்த மாசக் கோடு கீழே இறங்கிவிடும், மாசம் முடியட்டும் என்றான் இவன். மாசம் முடிவதற்குள் கியர்பாக்ஸ் உடைந்தது. மூன்று நாள் வேலை நின்றது. மெயின்டனன்ஸ் ஆட்கள் யாரும் எச்சரிக்கவில்லை என்று அறிக்கை எழுதினான். அப்பாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இருபத்திரண்டு வருஷம் மெஷினுக்குக் காது கொடுத்த மனுஷர், இப்போது கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறார். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வாரம் கடிதத்தை அவனே எழுதி பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தான். "பாப்பா, லிங்க் அப்பா மெயிலுக்கு வரும். நீ ஏத்தி மட்டும் விட்டுடு" என்றான். அப்பாவின் மெயில் நான் ஆரம்பித்துக் கொடுத்தது, பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். திறந்து படித்தேன். அப்பா சொல்வது போல ஒரு பக்கம் எழுதியிருந்தான். நடுவில் ஒரு வரி: பொறுப்பு என்றால் என்ன என்று இவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வரியில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அவன் கடிதத்தை மூடிவிட்டு நான் ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதினேன். கியர்பாக்ஸ், நாலு மணி நேரம், மாசக் கோடு, அறிக்கை, ஸ்டோர். கடைசியில் அப்பாவின் பெயர். கீழே கட்டங்கள் இருந்தன. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பாரா? எப்போதும், பெரும்பாலும், சில நேரம், ஒருபோதும் இல்லை. கடைசிக் கட்டத்தை அழுத்தினேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை பதில் வந்தது. வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, வியாழன் மாலை ஏழு மணிக்கு உங்களோடு பத்து நிமிஷம் தொலைபேசியில் பேச வேண்டும் என்று. அன்றிலிருந்து இதே நினைப்புதான். அப்பா பேசினால் நான் எங்கே அப்படி எழுதினேன் என்று முழிப்பார். பேசாவிட்டால் அவர்கள் சார்ட்டைக் கேட்பார்கள். எப்படியும் எழுதியது அப்பா பெயரில். கம்பிவலை ஜன்னலும் போய்விடும். அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை சமையலறை வாசல் வரை போய்த் திரும்பினேன். நாளைக்கு வியாழன்.

இந்த நிலையில்தான் அவன் வந்து உட்கார்ந்திருந்தான்.

"கைல இருக்கறத விட்டுட்டுப் பறக்கறத நம்பச் சொல்லுது மனசு. நீங்க சொல்லுங்கண்ணே. உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்."

"எனக்கென்ன சார் தெரியும் இதெல்லாம்" என்றார் அப்பா.

அவன் என் பக்கம் திரும்பினான். "ஏன் பாப்பா, அங்கேருந்து அப்பாவுக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பயந்து, கையில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு, மற்ற விண்ணப்பத்தை விலக்கியிருப்பான். அந்த போனே வந்திருக்காது. எட்டு வரியும் அங்கேயே புதைந்திருக்கும். இவ்வளவும் அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. புரிந்துதான் சொன்னேன்.

"வந்துச்சு சார். நாளைக்கு ஏழு மணிக்கு அப்பாகிட்ட போன்ல பேசணுமாம்."

"எனக்கா?" என்றார் அப்பா.

சார்ட்டு எழுந்தே விட்டான். "போன்லயா? சும்மா யாருக்கும் போன் பண்ண மாட்டாங்கண்ணே. எடுக்கப்போற ஆளுக்குத்தான் பண்ணுவாங்க." பிறகு என்னிடம், "லெட்டர் நல்லபடியாத்தானே போச்சு?"

"உள்ளது உள்ளபடி போச்சு சார்."

"அப்ப நீயே சொல்லு. நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"நானா இருந்தா காத்திருப்பேன் சார்."

அப்பா என்னைப் பார்த்தார். சார்ட்டு சிரித்துக்கொண்டே என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஏழு கேள்வியும் ஏழு பதிலும் எழுதினான். ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதினான். "பயப்படாதீங்கண்ணே. போன காதுல வச்சுக்கிட்டு இதப் பாத்து அப்படியே படிச்சுடுங்க. சின்னப் பிள்ளைக்கும் வரும்." அப்பா தாளை இரண்டு கையாலும் வாங்கினார். வாசலில் நின்று, "ரெண்டு வருஷத்துக்காரனுக்கு டாட்டா காட்டிட வேண்டியதுதான்" என்றான்.

அம்மா மருத்துவமனை ஆயா உடுப்பை மாட்டிக்கொண்டு இரவு வேலைக்குக் கிளம்பினாள். அவன் போன திசையைப் பார்த்து, "நம்ம தலையில மண்ண வாரிப் போட்டவனுக்கு டீ ஒரு கேடு" என்று அந்த டம்ளரை மட்டும் தனியாகக் கழுவி வைத்தாள். "நீ ஒருத்தரு போதும்யா, ஊரே ஏறி மிதிக்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

படுத்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு இடம் போகும், நாளைக்கு இன்னொன்று போகும், அவன் சுவரில் ஒட்ட ஒரு கோடும் இருக்காது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பதினொன்றரை இருக்கும், கூடத்தில் சத்தம் கேட்டது. அப்பா படித்துக்கொண்டிருந்தார். "எஸ் சார். ஹி ஈஸ் வெரி ரெஸ்பான்சிபிள்." நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி.

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"பொறுப்பானவர்னு அர்த்தம்ப்பா."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தார். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை அடித்ததே இல்லை, ஆனாலும் நினைத்தேன்.

அவர் தாளைக் கீழே வைத்தார். பிறகு, "நீ எழுதினத எடுத்துட்டு வா. வாசி" என்றார்.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியில் கையைக் காட்டினார்.

"எத்தன நாள்னு போட்டிருக்க?"

"சொல்லிப் பதினாலு நாள்ல உடஞ்சுதுன்னு."

"பதினாறு." பிறகு, "நோட்டப் பத்தி எழுதலயா?"

"எந்த நோட்டுப்பா?"

"ஷிப்ட் நோட்டு. வாயால மட்டும் சொல்லல, எழுதியும் வச்சேன். உடஞ்ச அன்னைக்குப் போய்ப் பாத்தா அந்தப் பக்கம் இல்ல. தச்ச இடத்துல கிழிசல் மட்டும் ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அப்பா, சார்ட்டு எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தை முழங்காலில் வைத்து நீவினார். என் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"'நான் எழுதி வச்சேன், அப்புறம் பாத்தா அந்தப் பக்கம் இல்ல.' இத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்? மெதுவாச் சொல்லு."

"அவர்தான் கிழிச்சாருன்னு சொல்லலாமேப்பா."

"கண்ணால பாக்கல. அவன்தான்னு சொல்லக் கூடாது. பக்கம் இல்லன்னு மட்டும் சொல்லணும்."

அவன் என்றார். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. குரல் உயரவே இல்லை, அதனால்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது. நான் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதினார். ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். ஒரு வார்த்தை பிடிக்கவில்லை, அடித்துவிட்டு வேறு கேட்டார்.

"அப்பா, அவரு இன்னும் அந்தப் பக்கம் சம்மதம் சொல்லலாம். பன்னெண்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஒரு போன் போட்டுச் சொல்லிரலாமா? வேண்டாம், கைல இருக்கறதையே எடுத்துக்கங்கன்னு."

எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் போனை எடுத்தார். எண்களைத் தேடி, அவனுடைய எண் வந்ததும், அழைக்காமல், போனைத் தரையில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

"அடுத்தது சொல்லு" என்றார்.

சொல்கிறேன். எழுதுகிறார். கொஞ்ச நேரத்தில் போன் வெளிச்சம் மங்குகிறது. முழுக்க அணைவதற்கு முன்னால் அப்பா சுண்டுவிரலால் திரையின் ஓரத்தைத் தொடுகிறார். அவன் பெயர் மறுபடி பளிச்சென்று தெரிகிறது. விரலை எடுத்துவிட்டு எழுதுகிறார். மறுபடி மங்குகிறது. மறுபடி தொடுகிறார்.