ஜெயலக்ஷ்மி அழித்த இரண்டு வரிகள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா, நன்றாக நெருங்கி உட்காருங்கள். தொம்மலூர் ஆபீஸ் ஒன்றில் ஜெயலக்ஷ்மி என்ற பெரிய அதிகாரி பட்ட வெட்கத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். கம்ப்யூட்டரில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் கடிதங்களை அலங்காரமெல்லாம் நீக்கி, வெறும் எழுத்தாக மாற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கென்று ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதியவள் சங்கமித்ரா; மர்பி டவுன் என்ற ஏழைக் குடியிருப்பிலிருந்து வருபவள். ஜெயலக்ஷ்மியின் கீழே வேலை பார்ப்பவள்.

ஸ்கிரிப்ட் ஓடியது. ஆனால் சில கடிதங்களின் வாலில், அச்சடித்த தாளில் இல்லாத வரிகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

“என்னம்மா இது? எழுதத் தெரியலைன்னா பக்கத்து சீட் மஞ்சுநாத்தைக் கேட்டிருக்கலாமோன்னோ?” என்றாள் ஜெயலக்ஷ்மி, எல்லோர் காதிலும் விழும்படி.

“ஸ்வல்ப டைம் குடுங்க மேடம். பாத்து சொல்றேன்.”

சங்கமித்ரா இரண்டு நாள் ஸ்கிரிப்டை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தாள். தப்பு பிடிபடவில்லை. மூன்றாம் நாள் புதிதாக ஒரு கடிதம் தட்டினாள். ‘பிரியாணி நல்லாயில்லை’ என்று எழுதிச் சேமித்து, அந்த வரியை அழித்து மறுபடி சேமித்தாள். ஸ்கிரிப்டை ஓட்டினால், அழித்த பிரியாணி வாலில் வந்து நிற்கிறது!

“மேடம், ஸ்கிரிப்ட்ல கோளாறு இல்ல. ‘ஃபாஸ்ட் சேவ்’னு ஒண்ணு ஆன்ல இருக்குது. அழிச்சது நம்ம கண்ணுக்குத்தான் போவுது, ஃபைலுக்குள்ளயே கெடக்குது. வேற பேர்ல முழுசா சேவ் பண்ணா போயிடும்.”

“அப்போ யார் யாரைத் திட்டினாங்கன்னு எல்லாம் வெளிய வருமா? சக்கத்! பிரமாதம்!” என்று சிரித்தான் மஞ்சுநாத்.

சங்கமித்ராவின் பதவி உயர்வு பற்றி ஜெயலக்ஷ்மி போன மாதம் எழுதிய குறிப்பும் அந்தக் குவியலில்தான் இருந்தது. ‘கெட்டிக்காரி. ஆனால் மர்பி டவுன் பெண். இவளை எப்படி வாடிக்கையாளர் முன்னால் உட்கார வைப்பது?’ எழுதிய கையோடு கூச்சப்பட்டு அழித்தாள். ‘இன்னும் ஓராண்டு போகட்டும்’ என்பதை மட்டும் அழிக்கவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும், யாரும் படிப்பதற்குள் துடைத்துவிடலாம் என்று அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தாள். அது ஏற்கனவே துடைத்துக் கிடந்தது. ஃபைலின் நேரத்தைப் பார்த்தால், அன்று காலை பத்தரைக்கு யாரோ சேமித்திருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும்.

திரும்பினால், டிபன் பாக்ஸோடு சங்கமித்ரா.

“படிச்சியாம்மா?”

“படிச்சேன் மேடம். அதைப் படிச்சப்பதான் விஷயமே புரிஞ்சுது. அப்புறம்தான் பிரியாணி எழுதிப் பாத்தேன்.” டிபன் பாக்ஸைக் கை மாற்றிக்கொண்டாள். “மஞ்சுநாத் கண்ல பட்டா எனக்குதானே மேடம் அசிங்கம்? அதான் எடுத்துட்டேன்.”

“உனக்கென்னம்மா அசிங்கம்…” நாற்பத்தேழு வயதில், அந்தப் பெண்ணின் செருப்பைத் தவிர வேறெதையும் ஜெயலக்ஷ்மியால் பார்க்க முடியவில்லை.

“சாப்பிட்டு வரேன் மேடம்.”

ஜெயலக்ஷ்மி உட்கார்ந்து புதுக் குறிப்பு எழுதினாள். ஓராண்டு வேண்டாம், இப்போதே உயர்வு தர வேண்டும், முன்பு எழுதியது தன் தவறு என்று எழுதி அனுப்பினாள். பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய், “சங்கமித்ரா ஸ்கிரிப்ட் சரியாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் பேசினதுதான் தப்பு,” என்றாள் எல்லோர் முன்னாலும். அந்த இரண்டு வரியைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. சங்கமித்ரா நிமிரவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவ்வளவுதான், என் தங்கங்களே. உங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதற்கு முன்னால் ‘உள்ளே வா’ என்ற குரல் கேட்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நிறைவாக இருங்கள்.