கண் போன முக்குளிப்பு வீரன்

பஞ்சில் ஒட்டிக்கொண்டு ஒரு கண் பிளாயைப் பார்த்தது.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, புருவத்துக்கு மேலிருந்த கறையைத்தான் அவன் துடைத்தான். கறை அப்படியே இருந்தது. வரைந்திருந்த கண்தான் கையோடு வந்துவிட்டது.

எலுமிச்சங்காய் அளவுத் தலை. இபி ஊர்ப் பொம்மைத் தொழிற்சாலையில் சுமார் ஐம்பது வருடத்துக்கு முன் செய்த முக்குளிப்பு வீரன் பொம்மையுடையது. உடம்பெல்லாம் இன்னும் நல்ல மாநிறம். தலை மட்டும் பச்சையடித்து, கெட்ட மீன் தின்றவன் போல ஆகியிருந்தது. பொம்மைக்குச் சொந்தக்காரன் பிளாயின் நண்பன் கீக்கோ. எட்டு வயதில் கால் ஒடிந்து அவன் ஆறு மாதம் படுத்துக் கிடந்தபோது, கட்டிலில் கூடவே கிடந்தது இந்த வீரன்தான்.

"மூஞ்சிக்கு நிறம் குடு, போதும். கண்ணுல கை வெச்சே, கையை உடைச்சிருவேன். என்னைப் பாத்த கண்ணு அது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான்.

பிளாய் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன். ஓய்வு பெற்றதும், யாரும் கேட்காமலே, பொம்மைத் தலை வைத்தியனானான். தோல் நிறம் அவனுக்கு நன்றாகவே வரும். மாடத்து வெயிலில் வைத்து உடம்போடு ஒப்பிட்டு, நான்கு பூச்சில் முகத்தைத் தேற்றிவிட்டான். ஒற்றைக் கண்ணுக்கு ஜோடி சேர்ப்பதைவிட இரண்டையும் புதிதாகப் போடுவது சுலபம் என்று, மிஞ்சியிருந்த கண்ணையும் துடைத்தான். இந்த மாதிரி யோசனைகள் அவனுக்குத் தட்டுப்பாடில்லாமல் வரும்.

முதல் முயற்சியில் வீரனுக்கு மாறுகண். அடுத்ததில் வருமானவரி அதிகாரியின் முறைப்பு. சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பன்னிரண்டாவது ஜோடி உலர்ந்துகொண்டிருந்தபோது அவன் மனைவி எம்பார் வந்தாள்.

"மேசையைக் காலி பண்ணு மனுஷா, உருளைக்கிழங்கு நறுக்கணும். ஐயய்யோ, யாரிது? பேயைப் பாத்துட்டானா?"

"கிண்டல் பண்ணாத. கீக்கோ ஒரு மணிக்குச் சாப்பிட வர்றான். என் கதை முடிஞ்சுது."

"கண்ணுதானே? அழிச்சுக் குடு. தள்ளு."

தலையை வாங்கியவள், அதைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"ஏய், தலைகீழா வெச்சிருக்க!"

"நேரா வெச்சா மூஞ்சி தெரியும். மூஞ்சி தெரிஞ்சா கை பயப்படும்."

மூச்சைப் பிடித்தாள். இந்தப் பக்கம் மூன்று இழுப்பு, அந்தப் பக்கம் மூன்று. நிமிர்த்தினால், வீரன் தொலைவில் ஏதோ மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கத்துக்கிட்ட?"

"இதே இபி தொழிற்சாலையில. கல்யாணம் வரைக்கும் நாளுக்கு எழுநூறு கண்ணு."

"நீ பெட்டி கட்டுற இடத்துல இருந்தன்னுல்ல நெனச்சேன்!"

"நீ எப்பக் கேட்ட? நாப்பத்தஞ்சு வருஷமா உன் பஸ் கதைதானே ஓடுது."

ஒரு மணிக்கு வந்த கீக்கோ, ஆலிவ் தட்டைக்கூடப் பார்க்காமல் பூதக்கண்ணாடியை எடுத்தான். நெடுநேரம் பார்த்தான்.

"யோவ் பிளாய், கண்ணைத் தொடாம விட்ட பாரு, நீ மனுஷன். ஓரத்துல மேல தூக்கின இந்தச் சின்ன வால்... இன்னிக்கு இதை யாரு போடுவா?"

தலையாட்டினால் போதும், தப்பித்திருக்கலாம். பாழாய்ப்போன வாய் திறந்துகொண்டது.

"அது பழைய கண்ணு இல்ல கீக்கோ. நான் துடைச்சிட்டேன். பஞ்சோட வந்துருச்சு."

கீக்கோ பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"அப்ப இது?"

பிளாய் சமையலறையைக் கைகாட்டினான். முட்டை அடையைத் தட்டில் கவிழ்த்துத் திருப்பிக்கொண்டே எம்பார் விஷயத்தைச் சொன்னாள். அவள் அங்கே வேலை பார்த்தது எந்த வருடம் என்று கீக்கோ கேட்டான். விரல் விட்டு எண்ணினான்.

"அப்ப மொதல்ல போட்டதும் நீயா இருக்குமோ?"

"கண்ணுக்கு ரெண்டே பேர்தான். நானு, இல்லாட்டி பிலார். ஆனா பிலார் வால் போட மாட்டா. சோம்பேறி."

கீக்கோ தலையை உடம்பில் பொருத்தி, உப்புக் குப்பியில் சாய்த்து, எம்பாரைப் பார்க்கும்படி உட்கார வைத்தான்.

"யாருன்னு தெரியுதாடா?" என்றான் வீரனிடம்.

"அப்ப என் கை?" என்றான் பிளாய்.

"மொதல்ல அது பாத்திரம் கழுவட்டும், கீக்கோ," என்றாள் எம்பார், "அப்புறமா உடை."