கொள்ளி வைத்தவனுக்குச் சம்பளம் இல்லை

"எங்கப்பா சம்பளத்த எங்ககிட்ட குடுக்கச் சொல்லி எழுதுங்க, தலைவரே."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பத்தாங் பெர்ஜுந்தாயில் பஸ் ஏறியதிலிருந்து அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். கோலசிலாங்கூர் கட்சிக் கிளையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன்.

அப்பா சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதே செத்துப்போனார். அவர் வாங்காத சம்பளம் மாநிலத் தலைநகர் ஷா ஆலமில், சட்டமன்ற அலுவலகத்தில் நிற்கிறது. வாரிசு யார் என்று அங்கிருந்து கேட்டதற்கு, என் பெரியப்பா மகன் முருகையா என்று பதில் அனுப்பிவிட்டார் கிளைத் தலைவர் நல்லசாமி. எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது முருகையாதான். அந்தப் பணம் கட்சி மண்டபத்துக்கு நன்கொடை என்று அவன் கருமாதிப் பந்தலிலேயே மைக்கில் சொல்லிவிட்டான். கைதட்டினார்கள். கருமாதியில் கைதட்டல்!

"பாப்பா, கொள்ளி வெச்சவன்தான் வாரிசு. நம்ம வழக்கம் அதுதானே லா," என்று நல்லசாமி சிரித்தார்.

"கொள்ளி வெச்சதுக்கு வேட்டி துண்டு எடுத்துக் குடுத்தாச்சு. தலப்பா கட்டியாச்சு. சம்பளமும் சேத்துக் குடுக்கணுமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த முருகையாவுக்கு முகம் கறுத்தது. "நான் எனக்கா கேட்டேன், தங்கச்சி? மண்டபத்துல சித்தப்பா பேருதானே வரும்."

"வாடகை குடுக்கலன்னா அம்மா அந்த மண்டபத்துலதான் படுக்கணும். படுக்க விடுவீங்களாண்ணே?"

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். போனால் தோட்டத்துப் பழைய லயத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். எண்ணெய்ப்பனைக்கு அடியில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்க வேண்டும். அவள் முதுகு இனி அதற்கு வளையாது.

நல்லசாமி குரலை இறக்கினார். "ஒனக்கு டெம்பரரி டீச்சர் வேல சொல்லி வெச்சிருக்கேன். இத இழுத்தேன்னா அது கெடைக்காது. யுனிவர்சிட்டிக்கு அனுப்புனா இப்படித்தான் பேச்சு வரும்."

"நீங்க அனுப்பல. எங்கப்பா அனுப்பினாரு. அந்த வேலயயும் அண்ணனுக்கே குடுத்துருங்க."

"அமராவதி, உக்காருடி," என்றாள் அம்மா. "இவங்களப் பகைச்சுக்கிட்டு எங்க போறது?"

"ஷா ஆலமுக்கு. நீ அவரு பொண்டாட்டி, நான் அவரு பொண்ணு. அதச் சொல்ல இவங்க எதுக்கு?"

இதைப் போன வாரமே முடிவு செய்திருந்தேன். இந்தக் கிளைப் படி ஏறியது, ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்பதற்காக மட்டுமே. அங்கே அதிகாரியிடம் மலாயில் என்ன பேசுவது என்பதுகூட மனத்தில் தயாராக இருந்தது. அம்மா எழுந்தாளா என்று திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.