டிராகனின் கண் முதலில் பார்த்தது

1.

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. கதைகள் மனத்தில் பிறக்கும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். என்னுடையவை எல்லாம் யாராவது கேட்டு, எனக்கு மறுக்கத் தெரியாமல் பிறந்தவை.

டிராகன் படகுக் கூட்டமைப்பின் செயலாளர் சந்திரமதிதான் அழைத்தார். இந்த எண்பத்தொன்பதில் மலர் ஒன்று போடுகிறார்கள். கூட்டமைப்பின் வரலாறு நான்கு மொழிகளிலும் வர வேண்டும். தமிழுக்கு ஒரு பக்கம்.

“ஒரு பேஜ்தான் அங்கிள். சிம்பிளா எழுதுங்க. அப்புறம்...” கொஞ்சம் தயங்கினார். “அந்த முதலை வேணாம் அங்கிள், ப்ளீஸ்.”

முதலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் மனைவி ரூபி பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், தலை நிமிராமல் சொன்னாள்: “இந்த ஒரு தடவயாவது புளுகாம எழுதுங்க.”

ஒன்பது வருடத் திருமண வாழ்வில் அவள் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் இது. முதலாவது, குறட்டை.

2.

வரலாற்றை எப்படித் தொடங்குவது?

‘சிங்கப்பூரில் டிராகன் படகோட்டம் தொன்றுதொட்டு’ (அடித்துவிட்டேன். தொன்று எப்போது தொட்டது என்று எனக்குத் தெரியாது.)

‘அன்று மழை பெய்துகொண்டி’ (இல்லை. நல்ல வெயில்.)

‘கூட்டமைப்பின் முதல் கூட்டம் காலாங் ஆற்றோரக் காப்பிக் கடையொன்றில் நடந்தது. ஒன்பது நாற்காலிகள், பதினொரு பேர். உட்கார இடம் கிடைத்தவர்கள் செயற்குழு ஆனார்கள். நின்ற இருவரும் உதவித் தலைவர்கள்.’ (இது உண்மை. ஆனால் உண்மை மாதிரியே தெரியவில்லை. என் தொல்லையே இதுதான்.)

அன்று எழுதிய விதிகளில் ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். கொடுத்த பெயர்ப் பட்டியலை மாற்றக் கூடாது. இன்னொரு விதியை யாரும் எழுதவே இல்லை, எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. படகில் பெண்கள் ஏறக் கூடாது.

3.

எழுபத்தொன்பதாம் ஆண்டுப் போட்டிக்கு ஃபேரர் பார்க்கிலிருந்து ஒரு தமிழ்க் குழு போனது. பாதிப்பேர் மாதா கோயில், பாதிப்பேர் மாரியம்மன் கோயில். துடுப்புப் போட இருபது பேர். படகின் பின்முனையில் நின்றபடி சுக்கான் பிடிப்பது நான், இயேசுதாசன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், ஐம்பத்தேழு வயதுப் பிரம்மச்சாரி. முன்முனையில் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து முரசு அடிப்பவன் என் நண்பன் சூசைநாதன். அந்த அடிக்குத்தான் இருபது துடுப்பும் ஒன்றாக விழும்.

(இடையில் ஒன்று: சூசைக்குத் தாளம் வராது. வீட்டில் தினமும் சாயங்காலம் பிஸ்கட் டின்னில் தட்டிப் பழகுவான். அவனுடைய தங்கை ரூபி, டிவி தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள், சீருடைக்கு இஸ்திரி போட்டபடியே “அண்ணே, ஓடுற” என்பாள். அவன் வேகத்தைக் குறைப்பான். “இப்ப தூங்குற” என்பாள். நான் காப்பி குடித்துக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறேன். காப்பிக்காகத்தான் போனேன் என்று அப்போது நினைத்திருந்தேன்.)

ரூபி இந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதியது: *கல்யாணம் வேண்டாம்னு யார் சொன்னா? கேட்டவங்க சரியில்ல.*

4.

போட்டி நாள், காலாங் ஆற்றங்கரை. டிராகன் தலைக்குக் கண் வரையும் சடங்கு உண்டு. கண்ணில் சிவப்புப் பொட்டு வைத்தால்தான் படகுக்கு உயிர் வரும் என்பது சீனர் வழக்கம். எங்கள் குழுவில் பரமசிவம் என்று ஒருவர், கோயில் குடமுழுக்கு ஒன்றையும் விடாதவர். பொட்டு வைக்கப் போகிறார்கள் என்றதும் பதறிவிட்டார்.

“கண்ணு தொறக்கிறதுன்னா சும்மாவா? சாமி சிலைக்குக் கண்ணு தொறக்கறப்ப முன்னால பசு நிக்கணும், இல்ல கண்ணாடி காட்டணும். மொதப் பார்வை எது மேல படுதோ அதுதான் எல்லாம்.”

“இது சாமி இல்ல பரமு, படகு” என்றேன்.

“கண்ணு இருக்குல்ல?”

மாதா கோயில் ஆட்கள்தான் முதலில் தலையாட்டினார்கள். எழுபத்தொன்பதில் சிங்கப்பூரில் பசுவுக்கு எங்கே போவது? ஃபேரர் பார்க் முடிதிருத்தும் கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி எடுத்து வர இரண்டு பேர் ஓடினார்கள். பேருந்தில் அந்தக் கண்ணாடியை ஏற்ற நடத்துநர் மறுத்துவிட்டார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

பொட்டு வைக்க வந்த பெரியவர் ஐந்து நிமிடம் பொறுத்தார். அப்புறம் தூரிகையை நனைத்தார். பரமசிவம் “வெயிட் லா, வெயிட் லா!” என்று கத்திக்கொண்டிருக்கும்போதே பொட்டு விழுந்துவிட்டது.

அந்த நொடியில் டிராகனுக்கு நேர் எதிரே, மிதவை மேடையில், ஒரு மஞ்சள் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றது ரூபி.

“அண்ணன் வரல. பொன்னுக்கு வீங்கி வந்திருச்சு. வேற யாராச்சும் போட்டுக்கிட்டு ஏறுங்க, இந்தாங்க பனியன்.”

சூசையின் இரண்டு கன்னமும் பூசணிக்காயாக வீங்கியிருந்ததாம். அவன் மனைவி அல்போன்சம்மாள் கைவைத்தியமாகத் தன் தாலிச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டிருந்தாள். அவனும் படகுக்குப் போகிறேன் என்று எழுந்திருக்கிறான். “சங்கிலி ஆத்துல விழுந்தா யாரு முங்கி எடுக்கறது?” என்று கதவைப் பூட்டிவிட்டாளாம்.

பனியனை வாங்க யாரும் கை நீட்டவில்லை. பரமசிவம் டிராகனைப் பார்த்தார், ரூபியைப் பார்த்தார்.

“தொறந்ததும் பாத்தது இந்தம்மாவைத்தான். இவங்கள விட்டுட்டுப் போனா படகு நகராது.”

“நானா? பொம்பளைய விடுவாங்களா?”

“தாளம் தெரியும்ல?”

“தெரியும். அதுக்குன்னு...”

“தாசு, நீ சொல்லுப்பா.”

நான் சொன்னது: “பனியன் கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும்.” என் வாழ்நாளில் ஒரு பெண்ணிடம் நான் பேசிய மிகத் துணிச்சலான வாக்கியம் அதுதான்.

தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டாள். அதிகாரி பட்டியலைப் பார்த்து “சூசைநாதன்?” என்றார். “யெஸ் லா, ஹீ லா” என்றார் பரமசிவம்.

5.

இப்போது முதலை.

பத்து வருடமாக நான் சொல்லி வருவது: பாதித் தூரம் வரை நாங்கள்தான் முதல், அங்கே கேலாங் பக்கமிருந்து ஒரு முதலை குறுக்கே வந்தது, அதன் உயிரைக் காப்பாற்ற நான் சுக்கானைத் திருப்பினேன், அதனால்தான் மூன்றாமிடம். முதலை அப்போது எட்டடி. போன கிறிஸ்துமஸுக்குப் பதினெட்டடி.

அதிகாரபூர்வக் குறிப்பு சொல்வது: ‘நீரோட்டத்தால் விலகல்.’

அந்தக் கறுத்த, நாறுகிற ஆற்றில் அன்று ஓட்டமே இல்லை. முதலையும் இல்லை. நடந்தது இதுதான். துடுப்புப் போடுகிறவன் கண் முன்னால் இருப்பவன் தோளில் இருக்கும். நிமிர்ந்து நிற்பவன் நான் ஒருவன்தான். எங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான். இருபது குனிந்த முதுகுகளுக்கு மேலே, அந்தப் பெரிய பனியனுக்குள்ளே, அவள் முரசை அடித்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணனைத் திருத்தும்போது எண்ணுகிற அதே எண்ணிக்கை. ‘இப்ப தூங்கல பாத்தீங்களா’ என்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கையில் சுக்கான் இருப்பது எனக்கு மறந்துபோ

(வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று ரூபி சொல்கிறாள். படகு நாலாம் தடத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான்.)

6.

மூன்றாமிடத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். முரசு: எஸ். சூசைநாதன். உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு பேரின் இடமும் போய்விடும். சான்றிதழை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

சூசை அதைச் சட்டம் போட்டு மாட்டினான். முதல் வருடம் அதைக் காட்டிச் சிரிப்போம். இரண்டாம் வருடம் விருந்தாளிகளுக்குக் காட்டினான். நாலாம் வருடம், எனக்கு மச்சானாகிவிட்ட பிறகு, கைகளை ஓங்கி எனக்கே விளக்கினான்: “மாப்ளே, நான் அப்படி ஒரு அடி அடிச்சேன் பாரு, நீயே அசந்துட்ட.” நான் அசந்தது உண்மை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

கூட்டமைப்பு வளர்ந்தது. சொந்தப் படகுகள், வெளிநாட்டுக் குழுக்கள், பிறகு பெண்களுக்கென்று தனிப் போட்டி. ‘முதன்முறையாக ஒரு பெண் முரசருகே’ என்று அந்த ஆண்டு மலரில் எழுதினார்கள். நானும் ரூபியும் கரையில் நின்று பார்த்தோம். அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: “அந்தப் பொண்ணு கொஞ்சம் ஓடுறா.”

போன வருடம் சூசை மருத்துவமனையில் படுத்திருந்தான். ரூபி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். “நீ அன்னிக்கு வந்திருக்கணும் ரூபி. ஆத்துல என் முரசு மட்டும்தான் கேட்டுச்சு” என்றான்.

“அப்புறம் என்னண்ணே?” என்று கேட்டாள்.

அவன் முழுவதையும் சொன்னான். சிரித்துக்கொண்டே, எண்ணிக்கொண்டே. எண்ணிக்கை சரியாக இருந்தது. கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டான்.

பதினொரு நாள் கழித்து இறந்தான். அந்தச் சட்டத்தை அல்போன்சம்மாள் சனிக்கிழமைதோறும் துடைக்கிறாள்.

7.

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு: ‘முரசு: திருமதி ரூபி இயேசுதாசன்.’ ரூபியிடம் படித்துக் காட்டினேன். கையில் வாங்கி அவளும் ஒரு முறை படித்தாள். பெயர் இருந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, “அண்ணி இத படிப்பாங்களே” என்றாள்.

இரண்டாவது முடிவு: ‘முரசு: எஸ். சூசைநாதன்.’ படித்துக் காட்டினேன்.

“நல்லா இருக்கு” என்றாள். பிறகு சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

(மூன்றாவதாக, ‘முரசு: ஒரு முதலை’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் வரவேற்பு இல்லை.)

“நீதான் சொல்லணும்” என்றேன்.

“புளுகாதீங்கன்னு மட்டும்தான் சொன்னேன். முடிவெல்லாம் எழுதறவங்க வேல.”

எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து மலர்க்குழுவின் அலுவலகத்துக்கு இரண்டு பேருந்து. நாளை காலை கொடுத்தாக வேண்டும்.

8.

ஆகவே வாசகரே, மலருக்கு இப்படித்தான் அனுப்புகிறேன். தமிழ்ப் பக்கத்தின் கடைசி வரி:

*முரசு: ..........*

அச்சுப் பிழை என்று சந்திரமதி நினைப்பார். அழைப்பார். நான் தூங்குகிறேன் என்று ரூபி சொல்லிவிடுவாள். அது புளுகு, ஆனால் அவளுடையது.

புள்ளிகள் மேல் பெயரை நீங்களே எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் அல்போன்சம்மாள் வீட்டுக்கு வரும்போது மாற்றிக்கொள்ளலாம். அவசரமில்லை, முடிதிருத்தும் கடைக் கண்ணாடி இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த இடம் இந்தப் படகின் கண். நீங்கள் எழுதி முடித்ததும் அது திறக்கும், எதிரே இருப்பவரை முதலில் பார்க்கும். பரமசிவத்தின் கணக்குப்படி அதன் பிறகு உங்களை விட்டுவிட்டுப் படகு நகராது. பனியன் கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கும்.