சலூன்காரனின் சளி

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு சலூன் நாற்காலி. என் மனைவியின் தம்பிதான் சலூன்காரன். என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியை வெட்டிக்கொண்டே, "ஊர்ல இருக்கறவங்களப் பத்தியெல்லாம் எழுதறீங்களே மாமா, என் சளியப் பத்தி எழுதக் கூடாதா?" என்றான். கத்தரி காதருகே இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிச் சிறைக்குள் ஒரு மெல்லிய மூச்சு, மரணத்தின் வாசலில் நின்று..."

(அவன் படித்துவிட்டுக் கேட்டது: "கண்ணாடி இருக்கு, சரி. சிறை எங்க மாமா?")

அடித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். உள்ளே வரும் கிருமியை மடக்க நம் ரத்தத்தில் ஓர் எதிர்ப்புச் சத்து ஊறுகிறது. அவன் உடம்பில் அது பிறவியிலேயே ஊறுவதில்லை. மாதாமாதம் ஆஸ்பத்திரியில், யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்ததைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொள்வான். தாய் வழியாக மகனுக்கு வரும் கோளாறு. தாய்க்கு, அதாவது என் மாமியாருக்கு, ஒரு தும்மல்கூடக் கூடுதலாக வந்ததில்லை.

3

போன மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் சளி பிடித்தது. சாதாரண ஜலதோஷ வைரஸ். (நான் மட்டும் உயில் எழுதும் நிலையில் படுத்திருந்ததாக மனைவி சொல்லித் திரிகிறாள்.) எல்லோருக்கும் போய்விட்டது. அவனிடம் மட்டும் அதே வைரஸ் மாதக்கணக்கில் தங்கிவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. இருமுகிற சலூன்காரனிடம் யார் தலையை நீட்டுவார்கள்? வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "நுரையீரல்ல கீழ்ப்பக்கம் கொஞ்சம் கெட்டுப்போச்சு. அது இனிமே பழையபடி ஆகாது. மூடின ரூம்ல, மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு செய்யற வேலை இனிமே வேண்டாம்."

அன்று மாமியார் சாப்பிடவில்லை. "நான் குடுத்ததுதானேடா இது" என்று அழுதார்.

"ஆமாம்மா. இந்த மூக்கும் நீ குடுத்ததுதான். அதுக்கும் சேத்து அழுதுடு."

அழுகையினூடே சிரித்துவிட்டார். (இங்கே உருக்கமாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மாமியாரைவிட அந்தப் பக்கம் அதிகமாக அழுதது. எடுத்துவிட்டேன்.)

4

மூன்றாம் வரைவில் கடையை மூடச் செய்து, அவனை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கவிதை எழுதவிட்டேன்.

"என்னைச் சாகடிச்சாலும் பரவாயில்ல மாமா. கவிதை மட்டும் எழுத வைக்காதீங்க."

நிஜத்தில் அவன் செய்தது வேறு. நாற்காலியைப் பெயர்த்துக் கொல்லைப்புறத்துத் திறந்தவெளிக்குக் கொண்டுபோனான். மேலே ஒரு தகரம், முகத்தில் மாஸ்க். மாதாமாதம் ஏற்றுகிற மருந்தின் அளவை டாக்டரம்மா கூட்ட, வைரஸ் ஒருவழியாகப் போனது. "குடி வந்தவன் காலி பண்ணிட்டான். ஆனா செவுத்த இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றான். பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருநாள் தபால்காரர் பாதி வெட்டில் தும்மிவிட்டார். துண்டை உதறி, "மீதி வெட்டு, சளி போனப்புறம்!" என்று எழுப்பி அனுப்பிவிட்டான். மனிதர் ஒரு வாரம் தொப்பியோடு தபால் கொடுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை.

இங்கேயே முடித்திருக்கலாம். நன்றாகவும் இருந்திருக்கும்.

5

இன்று காலை போன் செய்தான். தொண்டை கரகரக்கிறதாம். பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறான், முடிவு வரவில்லை. என் மனதில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் கரகரப்புக்குக் காரணம் வெறும் முடித்தூசி. இன்னொன்றில்... அதுதான் அழகாக வந்திருக்கிறது என்பதில் எனக்கே என்மேல் எரிச்சல்.

மனைவி துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டு நிற்கிறாள். "என்ன முடிவு எழுதினீங்க?"

"இன்னும் எழுதல."

"எழுதாதீங்க."

எழுதவில்லை. எழுதினாலும் வைரஸ் என் கதையைப் படிக்கப்போவதில்லை. நீங்கள் படிக்கிறீர்கள். அவனிடம் தலையைக் கொடுக்கிறவர் உங்களில் யாராகவும் இருக்கலாம். மூக்கு ஒழுகுகிறதா? முடியைக் கொஞ்சம் வளரவிடுங்கள்.