அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிய வண்டி

பகாசெஸ் தாண்டி, நிழலே இல்லாத நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த வண்டி செத்தது. அப்பா முந்தின நாள் இரவே தலைநகர் சான் ஹோசே ஆஸ்பத்திரியில் செத்திருந்தார், சிறுநீரகம் இரண்டும் போய். வாழ்நாள் முழுக்க வெயிலில் கரும்பு வெட்டினவர்களுக்கு எங்கள் பக்கம் வருகிற சாவு அதுதான். யாரும் ஏன் என்று கேட்பதுகூட இல்லை.

ஊர் இன்னும் வெகுதூரம். லா க்ரூஸ் தாண்டி, நாட்டு எல்லைப் பக்கம். உடம்பைப் பதப்படுத்தக் காசில்லை, அதனால் பொழுது சாய்வதற்குள் புதைத்தாக வேண்டும். குழி வெட்டியாகிவிட்டது. பாதிரியார் நாலு மணிக்கு வருவார், அது முடிந்ததும் அவருக்கு வேறு ஊரில் பூசை. அம்மாவுக்கு வேறு கவலை இல்லை. "உங்கப்பாவை இன்னிக்கே மண்ணுல சேர்த்திடணும், யோர்லெனி. நாத்தம் எடுத்து நாலு பேர் மூக்கைப் பொத்துற மாதிரி ஆகக்கூடாது." காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டி சர்க்கரை ஆலையின் உபயம். மின்சார அமரர் ஊர்தி. வெள்ளை நிறம், இரண்டு பக்கமும் பச்சை இலை ஸ்டிக்கர். அப்பாவின் வேர்வையை முழுக்க உறிஞ்சிக் குடித்த ஆலைக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் மேல் பாசம் பொங்கிவிட்டது. வண்டியோடு ஒரு பெண்ணையும் அனுப்பியிருந்தார்கள். ஃபியோரெல்லா, ஆலையின் விளம்பரப் பிரிவு. கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி, கையில் போன்.

"செல்லம், யோசிச்சுப் பாருங்க. ஆலையில கரும்புச் சக்கையை எரிச்சுத்தான் இந்த வண்டிக்குக் கரன்ட். உங்கப்பா வெட்டின கரும்பே உங்கப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது. எவ்ளோ அழகு!"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஓசி வண்டியில் வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

பகாசெஸ் தாண்டியதும் கரும்புக் காடு தொடங்குகிறது. அங்கே நிறுத்தச் சொன்னாள் ஃபியோரெல்லா. வண்டியை அணைத்துவிட்டு, உள்ளே பெட்டியைச் சுற்றி ஓடுகிற பச்சை விளக்கு, லாவெண்டர் வாசனை ஊதுகிற மின்விசிறி, பியானோ இசை எல்லாவற்றையும் ஓடவிட்டுப் படம் பிடித்தாள். பிறகு நான் பேச வேண்டுமாம். கரும்பு வெட்டுகிறவர் மகள், குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஆலைக்கு நன்றி.

"கொஞ்சம் சோகமா, ஆனா நம்பிக்கையா சொல்லுங்க."

சொன்னேன். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் "சூப்பர்" என்றபோது பியானோ இழுத்துக்கொண்டு நின்றது. பச்சை விளக்கு மங்கி அணைந்தது.

டிரைவர் ஹெய்னர் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. திரை கறுப்பாகக் கிடந்தது. நல்ல பருமனான பையன், வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சார்ஜ் முக்கால்வாசி இருந்துச்சே," என்றான் பரிதாபமாக.

"அப்புறம் என்னடா?" என்றாள் அம்மா.

"தெரியலையே தாயி. ஒரு வீடியோ போட்டுக் காட்டினாங்க, சாவியைக் குடுத்தாங்க, அவ்ளோதான் எனக்குப் பயிற்சி."

மாமாவுக்குப் போன் போட்டேன். அம்மாவின் தம்பி எவெலியோ, பக்கத்து டவுன் லிபேரியாவில் மாட்டு ஏலத்தில் கன்று விற்கப் போயிருந்தார். "அசையாம அங்கயே இருங்க, வந்துட்டேன்," என்றார். சரி, பெட்டியை மாமா லாரியில் மாற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்து, பின்கதவைத் திறக்கப் போனேன். பின்கதவுக்குக் கைப்பிடியே இல்லை. பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கிற கதவு. கரன்ட் இல்லாமல் கல் மாதிரி நின்றது.

அப்பா உள்ளே இருந்தார். கதவு மூடி, குளிர்சாதனம் செத்து, எங்கள் குவானகாஸ்தே மாகாண வெயிலில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி.

ஹெய்னர் வண்டி விற்றவர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். வெகுநேரம் பாட்டு ஓடிய பிறகு ஒருவன் லைனில் வந்தான்.

"பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கும் சார். கதவு, திரை, ஸ்டார்ட்டுக்கெல்லாம் சின்ன பேட்டரி தனியா இருக்கு. வண்டியை அணைச்சுட்டு விளக்கு, பாட்டு ஓடவிட்டீங்களா?"

யாரும் ஃபியோரெல்லாவைப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

"சின்ன பேட்டரி எங்க இருக்கு?" என்றேன்.

"பின்னாடி தரைக்கு அடியில மேடம். பின்கதவைத் திறந்தா தெரியும்."

"பின்கதவு திறக்கல."

"அதுக்குச் சின்ன பேட்டரியில சார்ஜ் வேணும் மேடம்."

"யோவ், உனக்கு மூளை இருக்கா? உள்ள எங்கப்பா இருக்காரு!"

"அவரை உள்ளேர்ந்து கயிறை இழுக்கச் சொல்லுங்க மேடம். கதவோட அடியில ஒரு சிவப்புக் கயிறு இருக்கும்."

அம்மா சிலுவைக் குறி போட்டாள். உள்ளே இருப்பது சவப்பெட்டி என்று ஹெய்னர் சொன்னான். "கண்ணாடியை மட்டும் உடைச்சிடாதீங்க, வாரன்ட்டி போயிடும்," என்று சொல்லி அந்த ஆள் போனை வைத்துவிட்டான்.

எங்கள் இருக்கைக்குப் பின்னால், பெட்டி வைத்த அறையைப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன ஜன்னல் இருந்தது, தள்ளித் திறக்கிற கண்ணாடி. ஹெய்னரின் தோள் அதில் நுழையாது. அம்மாவுக்கு முட்டி மடங்காது. ஃபியோரெல்லா ஒரு அடி பின்னால் போனாள்.

"நான் போறேன்," என்றேன்.

"வேணாம்டி," என்றாள் அம்மா. அடுத்த நொடியே, "பாவாடையை முடிஞ்சுக்கோ," என்றாள்.

பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான். அப்பாவின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஊர்ந்தேன். ஆலை அனுப்பிய மலர்வளையம் கழுத்தைக் குத்தியது. பிய்த்து ஓரத்தில் தள்ளினேன். லாவெண்டர் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை தொடங்கியிருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். வாயால் மூச்சு விட்டேன். மரப்பலகை வயிற்றைச் சுட்டது. அவர் முகம் இருக்கிற இடத்தைத் தாண்டும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கப்பா," என்று சொன்னது ஞாபகம். அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் வாந்தி, அதையும் விழுங்கினேன்.

கயிறு கைக்கு அகப்படப் படாத பாடுபட்டேன். இழுத்தேன். கதவு ஒரு விரல் அளவு விட்டது. வெளியிலிருந்து ஹெய்னர் நகம் பெயர நெம்பித் தூக்கினான். தலைகீழாகச் சாலையில் விழுந்தேன்.

விழுந்து கிடந்தபோது ஃபியோரெல்லா போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"எடுத்தியா?" என்றேன்.

"இல்ல... அதாவது... ரொம்ப உணர்ச்சிகரமா இருந்துச்சு செல்லம்..."

போனைப் பிடுங்கிக் கரும்புக் காட்டுக்குள் எறிந்தேன். "போய்த் தேடு. எங்கப்பன் அங்கதான் உசுரைத் தொலைச்சான், உன் போனும் கிடக்கட்டும்."

அப்போது மாமா லாரி வந்து நின்றது. விற்ற கன்றுகளின் சாணம் இன்னும் லாரித் தட்டில் ஈரமாக இருந்தது. ஹெய்னரும் மாமாவும் வழிப்போக்கர் இருவரும் பெட்டியை ஏற்றினார்கள்.

போனைத் தேடி எடுத்துக்கொண்டு ஃபியோரெல்லா மூச்சிரைக்க வந்தாள். "இப்ப பேட்டரிக்குக் கை எட்டுமே! லாரியிலேர்ந்து ஒயர் போட்டா வண்டி கிளம்பிடும். கல்லறை வாசல்ல இறக்குறதை மட்டும் நம்ம வண்டியிலேயே..."

"ஒயர் இருக்கு," என்றார் மாமா. "தர மாட்டேன்."

"குடுத்துடு எவெலியோ," என்றாள் அம்மா. "அந்தப் பையன் என்ன பாவம் பண்ணான், வெயில்ல கிடக்க? எவனாவது நிறுத்தி உதவுவான்." பிறகு ஃபியோரெல்லாவிடம், "உங்க வண்டியில என் புருஷன் ஏற மாட்டாரும்மா. நீங்க போங்க."

அந்த நிலையிலும் அவளை 'அம்மா' போட்டு மரியாதையாகப் பேசினாள் அம்மா. எனக்கு அம்மா மேலும் எரிச்சல் வந்தது. மாமா ஒயரை ஹெய்னர் காலடியில் வீசிவிட்டு லாரியைக் கிளப்பினார். கட்டக் கயிறு போதவில்லை, அதனால் நானும் அம்மாவும் சாணத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

ஊர் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. பாதிரியார் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் கல்லறையில் ஒருத்தரும் கலையவில்லை. ஊரில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிற தோன்யா செலிமா கூட்டம் போகாமலிருக்க ஜெபமாலையை முடித்து முடித்துத் திரும்பத் தொடங்கியிருக்கிறாள். அவள் தொண்டை முழுக்கக் கட்டிப்போயிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் கரகரத்த குரலில், "எங்கய்யா போய்த் தொலைஞ்ச?" என்று அப்பாவைத் திட்டினாள். அம்மாதான் முதலில் சிரித்தாள்.

தோள் கொடுக்க வந்த ஆண்கள் பெட்டியின் பக்கத்தில் ஒரு கணம் தயங்கினார்கள். வாசனை வந்துவிட்டது. அம்மா அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்தரும் மூக்கைப் பொத்தவில்லை. தூக்கினார்கள்.